கொரியத் தூதர் அமைச்சரானது எப்படி? எட்டு நிமிடப் பேச்சுக்கு ஆள் தேடுகிறேன்

சிப்புட்_ஆறாம்படிவம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ஒரு தொடர் பேச்சு. தலைப்பு: அரசதந்திரியாக இருந்து அமைச்சரானவர். ஆளுக்கு ஒரு நாடு; எனக்குக் கொரியா விழுந்திருக்கிறது. பேச்சு எட்டு நிமிடம், கேள்வி ஐந்து நிமிடம். வருகிறவர்கள் படிவம் ஆறு மாணவர்கள், பெற்றோர், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே பெயர் பான் கி-மூன். அவரையே எடுக்கலாமா, மலேசியாவோடு ஏதாவது தொடர்புள்ள வேறு ஆள் உண்டா? இன்னொன்று: தேர்தலில் நிற்காமலே அங்கே எப்படி அமைச்சராகிறார்கள்? நம் விஸ்மா புத்ரா (வெளியுறவு அமைச்சு) அதிகாரி ஒருவர் அப்படி ஆக முடியுமா? கேள்வி நேரத்தில் இது வராமல் போகாது.

---

பழைய_கிராணி எழுதியது:

தம்பி, பான் கி-மூனை எல்லோருக்கும் தெரியும். சோய் கியூ-ஹாவை எடு. 1964 முதல் 1967 வரை கோலாலம்பூரில் தென் கொரியத் தூதராக இருந்தவர். இங்கிருந்து போன கையோடு வெளியுறவு அமைச்சர், பிறகு பிரதமர், கடைசியில் அதிபர். 'நம் தலைநகரில் தூதராக இருந்த ஒருவர் தன் நாட்டுக்கு அதிபரானார்' என்று தொடங்கினால் பின்வரிசைப் பெரியவர்களும் காது கொடுப்பார்கள்.

பிறந்தது 1919, வொன்ஜூ. கொரியா அப்போது ஜப்பான் பிடியில். தோக்கியோவில் உயர் ஆசிரியர் கல்லூரியில் ஆங்கிலம் படித்தார். 1945க்குப் பிறகு கொஞ்ச காலம் சோலில் ஆசிரியர் கல்லூரியில் பாடம் நடத்தினார், பின் அரசுப் பணி. 1951இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, வெளியுறவு அமைச்சில் வணிகப் பிரிவுக்குத் தலைவராக வந்தார். இதைக் கவனி: பரீட்சை எழுதிக் கீழ்ப்படியில் சேர்ந்தவர் இல்லை. நாடு பிறந்து மூன்றே ஆண்டு. ஆங்கிலமும் நிர்வாகமும் தெரிந்த ஆளுக்குப் பஞ்சம். அதனால் மேலேயே உட்கார வைத்தார்கள். அடுத்து தோக்கியோவில் உள்ள கொரிய அலுவலகம். ஜப்பானோடு கொரியாவுக்கு அப்போது முறையான உறவே கிடையாது, அது 1965இல்தான் வந்தது. பகை ஆறாத ஊரில் உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்தும் வேலை. 1959இல் துணை அமைச்சர். 1960 ஏப்ரலில் மாணவர் எழுச்சியில் சிங்மான் ரீ ஆட்சி கவிழ்ந்ததும் அந்த ஏணி முறிந்தது.

1964இல் மலேசியா. இங்கேதான் உன் பேச்சுக்குச் சதை இருக்கிறது. நம் நாடு உருவான மறு ஆண்டே வந்தவர் என்று சொல்லலாம். இந்தோனேசியாவோடு கொன்ஃபிரந்தாசி என்ற மோதல் நடந்துகொண்டிருந்தது. 1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் பிரிந்தது. 1966 பிப்ரவரியில் அதிபர் பார்க் சுங்-ஹீ மலேசியாவுக்கு அரசுமுறைப் பயணம் வந்தார். அப்போது துங்குவே பிரதமர், துங்குவே வெளியுறவு அமைச்சர். ஆகவே இங்கே ஒரு தூதர் அமைச்சரைப் பார்க்கப் போனால் பிரதமரையே பார்த்ததாகும். அதிபர் வருகை என்றால் யார் யாரைச் சந்திப்பது, கூட்டறிக்கையில் என்ன வரி, விருந்தில் யார் எங்கே உட்காருவது என்று எல்லாம் தூதர் தலையில்தான் விடியும். சொந்த அதிபரின் கண் முன்னால் தேர்வு எழுதுகிற மாதிரி. அடுத்த ஆண்டே அமைச்சர் பதவி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. கணிப்பு என்றே சொல்லு.

அமைச்சராக இருந்தது 1967 ஜூன் முதல் 1971 ஜூன் வரை. பதவியேற்று ஏழே மாதத்தில், 1968 ஜனவரி 21இல், வடகொரியாவின் 31 கமாண்டோக்கள் அதிபர் மாளிகையைத் தாக்க சோலுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அமெரிக்க உளவுக் கப்பல் புவெப்லோவை வடகொரியா பிடித்தது. அமெரிக்கா தன் மாலுமிகளை மீட்க வடகொரியாவோடு நேரடியாகப் பேச ஆரம்பித்தது. 'எங்கள் அதிபரைக் கொல்ல ஆள் வந்ததற்கு ஒன்றும் இல்லை, உங்கள் கப்பலுக்கு மட்டும் பேச்சா' என்று சோலில் கொதிப்பு. பிப்ரவரியில் அமெரிக்க அதிபரின் தூதராக சைரஸ் வான்ஸ் சமாதானம் சொல்ல வந்தார். இடையில் நின்று இரண்டு பக்கமும் முறியாமல் பார்த்துக்கொள்வதுதான் சோயின் வேலை. அடுத்து 1969இல், ஆசிய நாடுகள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிக்சன் கொள்கை, அதைத் தொடர்ந்து ஒரு அமெரிக்கப் படைப்பிரிவு கொரியாவை விட்டுப் போனது. லேசான நான்கு ஆண்டு இல்லை.

---

கிந்தா_நதி எழுதியது:

கிராணி அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் 'எப்படி ஆகிறார்கள்' என்ற கேள்விக்கு சோய் நல்ல உதாரணம் இல்லை. அவர் ஏணி கட்டுவதற்கு முன்னால் மாடியில் இருந்தவர். பரீட்சையில் தொடங்கி அமைச்சர் வரை ஒவ்வொரு படியாக ஏறியவர் பான்தான்.

1944இல் பிறந்தவர். 1970இல் சோல் தேசியப் பல்கலைக்கழகப் பட்டம், அதே ஆண்டு வெளியுறவுப் பணித் தேர்வில் தேர்ச்சி. முதல் வெளிநாட்டுப் பணி புதுடில்லி. பிறகு நியூயார்க், வாஷிங்டன், ஐ.நா. பிரிவு, அமெரிக்கப் பிரிவின் தலைவர், 1998இல் ஆஸ்திரியாவுக்குத் தூதர், 2000இல் துணை அமைச்சர். முப்பது ஆண்டு ஆகிவிட்டது பார்த்தீர்களா. துணை அமைச்சர்தான் அதிகாரிகள் ஏறக்கூடிய கடைசிப் படி. அதற்கு மேல் அதிபர் கை நீட்டினால்தான் உண்டு.

பேச்சில் மாணவர்களுக்கு உறைக்கிற பகுதி 2001. பிப்ரவரியில் புட்டின் சோலுக்கு வந்தார். கூட்டறிக்கையில், ஏவுகணைத் தடுப்பு அமைப்புகளுக்கு வரம்பு கட்டிய அமெரிக்க-ரஷ்ய ஒப்பந்தத்தைப் புகழ்ந்து ஒரு வரி போய்விட்டது. அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேற வேண்டும் என்று நினைத்தவர் புதிதாக வந்த புஷ். அடுத்த மாதமே கொரிய அதிபர் கிம் டே-ஜுங் வாஷிங்டன் போக வேண்டும். அங்கே சங்கடம், இங்கே விசாரணை. பான் துணை அமைச்சர் பதவியை இழந்தார். ரஷ்யாக்காரர்களுக்கு அது பழகிய வாசகம். பழைய அறிக்கைகளில் அப்படியே இருக்கும். ஆனால் வாஷிங்டனில் ஆட்சி மாறிவிட்டது. பழைய வரியை அப்படியே ஒட்டினால் இதுதான் நடக்கும்.

அதே ஆண்டு கொரிய வெளியுறவு அமைச்சர் ஹான் சுங்-சூ ஐ.நா. பொதுச் சபைத் தலைவரானார். அவருடைய அலுவலகத் தலைவராக பான் நியூயார்க் போனார். பார்த்தால் இறக்கம். ஆனால் ஐ.நா.வின் உள்கட்டு முழுவதும் அங்கேதான் பழக்கமானது. செப்டம்பர் 11 தாக்குதலைக் கண்டித்து அந்தக் கூட்டத்தொடரின் முதல் தீர்மானம் வேகமாக நிறைவேற வேலை செய்தவர்களில் அவரும் ஒருவர். 2003இல் அதிபர் ரோ மூ-ஹ்யுன்னுக்கு வெளியுறவு ஆலோசகர். 2004 ஜனவரியில் முன்னிருந்த அமைச்சர் விலகவே, பான் அமைச்சர்.

அமைச்சராக அவருக்குப் பெரிய அடி 2004 ஜூன். ஈராக்கில் ஒரு கொரிய மொழிபெயர்ப்பாளர் கடத்திக் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே ஒரு செய்தி நிறுவனம் அமைச்சைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இப்படி ஒருவர் காணவில்லையா என்று கேட்டிருக்கிறது. கேள்வி மேலே போகவில்லை. பதவி விலகு என்று எதிர்க்கட்சிகள் நெருக்கின, தப்பித்தார். 2005 செப்டம்பரில், வடகொரிய அணு ஆயுதம் பற்றிய ஆறு நாட்டுப் பேச்சுவார்த்தையின் கூட்டறிக்கை வந்தது அவர் காலத்தில்தான்.

ஐ.நா. தலைமைச் செயலாளர் போட்டியை ஒரு வரியில் முடியுங்கள். நம் ஆட்களுக்குச் சுவை என்றால், கடைசி வரை அவருக்கு அடுத்த இடத்தில் நின்றவர் சசி தரூர். இலங்கையின் ஜயந்த தனபாலவும் களத்தில் இருந்து பிறகு விலகியவர்.

ஒரு எச்சரிக்கை: தமிழர் கூட்டத்தில் பான் என்றாலே 2009 வரும். கேள்வி நேரம் முழுவதும் அதிலேயே போய்விடலாம். மே 23இல் போரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த மெனிக் பாம் முகாமுக்குப் போனார், 2010இல் மூவர் நிபுணர் குழு அமைத்தார், அவர்கள் அறிக்கை 2011 ஏப்ரலில் வெளியானது, ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று அதன் உள் ஆய்வே 2012 நவம்பரில் சொன்னது. இந்த நான்கையும் தேதியோடு ஒரு சீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அது அமைச்சர் காலம் அல்ல, அதற்குப் பிந்தியது என்பதையும் சொல்லுங்கள்.

---

குடியியல்_டீச்சர் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். யாரை எடுத்தாலும் இந்தப் பகுதி வேண்டும்.

கொரியாவில் அமைச்சரை நியமிப்பது அதிபர், பிரதமரின் பரிந்துரையோடு. நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை; உறுப்பினரே அமைச்சராவதற்கும் தடை இல்லை. 2022இல் வெளியுறவு அமைச்சரான பார்க் ஜின் வெளியுறவுத் தேர்வு எழுதியவர், அமைச்சரானபோது நாடாளுமன்ற உறுப்பினர்.

அதிபர் நினைத்ததும் முடிந்துவிடுவதில்லை. அமைச்சர்கள் எல்லோரும் நாடாளுமன்றக் குழு முன் விசாரணைக்கு உட்கார வேண்டும் என்று 2005இல் சட்டம் திருத்தினார்கள். கோரிக்கை போன 20 நாளில் நாடாளுமன்றம் முடிக்க வேண்டும். அறிக்கை வராவிட்டால் அதிபர் இன்னும் 10 நாள் வரை தவணை கொடுத்து மறுபடி கேட்கலாம்; அதற்கும் வராவிட்டால் நியமித்துவிடலாம். அதாவது பிரதமருக்குத்தான் நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயம், அமைச்சருக்கு இல்லை. பான் 2004இல் வந்ததால் இந்தச் சோதனையில் உட்காரவில்லை. காங் கியுங்-வா உட்கார்ந்தார். மகளின் பள்ளிக்காகப் பொய்யான முகவரியில் பதிந்த விவகாரம் அங்கே கிளறப்பட்டது. எதிர்க்கட்சிகள் மறுத்ததால் அறிக்கையே வரவில்லை. 2017 ஜூனில் அதிபர் அப்படியே நியமித்தார். கொரியாவின் முதல் பெண் வெளியுறவு அமைச்சர் அவர். சோயைப் போல அவரும் வெளியுறவுத் தேர்வு எழுதாதவர். மொழிபெயர்ப்பாளராக இருந்து தனி நியமனத்தில் அமைச்சுக்குள் வந்து, ஐ.நா.வில் பல ஆண்டு வேலை பார்த்தவர்.

அந்தத் தனி நியமனக் கதவு இன்னொருவரைக் கவிழ்த்திருக்கிறது. யூ மியுங்-ஹ்வான், தொழில்முறைத் தூதர், 2008 முதல் வெளியுறவு அமைச்சர். அவருடைய மகள் அதே அமைச்சில் தனி நியமனத்தில் எடுக்கப்பட்டது வெளியே வந்ததும் 2010 செப்டம்பரில் விலகினார். பழைய தேர்வையும் 2013இல் நிறுத்திவிட்டு, எழுத்துத் தேர்வு, நேர்காணல், பிறகு தேசிய அரசதந்திரக் கழகத்தில் ஓராண்டுப் பயிற்சி என்று மாற்றினார்கள்.

இப்போது நம் நாடு. கூட்டரசு அரசமைப்பின் 43ஆவது பிரிவுப்படி அமைச்சர் மக்களவை அல்லது மேலவை உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும். விஸ்மா புத்ரா அதிகாரி பெரும்பாலும் பிடிடி (நிர்வாக, அரசதந்திர) சேவைக்காரர். பட்டம், எஸ்பிஏ (பொதுச் சேவை ஆணையம்) தேர்வு, மதிப்பீட்டு மையம், நேர்காணல், பிறகு அரசு அதிகாரிகளுக்கான பயிற்சிக் கழகமான இந்தானில் பயிற்சி. பணியில் இருக்கும்வரை அரசியலில் இறங்கக்கூடாது. ஆக, வேலையை விட வேண்டும்; அதன்பின் ஒரு தொகுதியில் ஜெயிக்க வேண்டும், அல்லது செனட்டராக வேண்டும். மேலவையில் 70 இடம்: 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் அனுப்பும், 44 பேரை மாமன்னர் நியமிப்பார். வயது 30 ஆகியிருக்க வேண்டும். ஒரு தவணை மூன்று ஆண்டு, இரண்டு தவணைதான். எனவே செனட்டர் வழியாக வந்த அமைச்சருக்கு ஆறு ஆண்டுக்கு மேல் ஓடாது. தொடர வேண்டுமென்றால் ஓட்டுப் பெட்டிக்கு வர வேண்டும்.

இங்கே நடந்தே இருக்கிறது: கசாலி ஷாஃபி. 1959 முதல் வெளியுறவு அமைச்சின் நிரந்தரச் செயலாளர். 1970இல் செனட்டராக்கப்பட்டு அமைச்சர், பிறகு லிப்பிஸ் தொகுதியில் நின்று மக்களவை, உள்துறை, 1981 முதல் 1984 வரை வெளியுறவு. சோய் இங்கே தூதராக இருந்த காலம் முழுவதும் நம் அமைச்சின் தலைமை அதிகாரி இவர்தான். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால் பேச்சு தானாக நிற்கும். நம் ஊரிலிருந்தே எதிர் உதாரணமும் இருக்கிறது: துன் சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் ஓட்டுக் கேட்டு ஜெயித்தவர். அமைச்சர் பதவிக்கு அடித்தளம் இந்தத் தொகுதி. பெரியவர்கள் அவரை நினைவுகூர்வார்கள், அவர்களுக்கு ஒரு நிமிடம் விடுங்கள்.

---

சிப்புட்_ஆறாம்படிவம் எழுதியது:

மிக்க நன்றி. சோய் + கசாலி என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு சந்தேகம். சோய் அதிபர் தேர்தலில் நின்றாரா? பத்து மாதத்தில் விலகிவிட்டார் என்று படித்தேன். ஏன்?

---

பழைய_கிராணி எழுதியது:

மக்கள் ஓட்டில் வந்தவர் இல்லை. பலர் இடறுகிற இடம் இது, தேதிகளோடு பிடித்துக்கொள்.

1975 டிசம்பரில் பிரதமர் பொறுப்பு. நாடாளுமன்ற ஒப்புதல் 1976 மார்ச்சில் வந்த பிறகுதான் முழுப் பிரதமர். 1979 அக்டோபர் 26 இரவு, உளவுத்துறைத் தலைவரே விருந்து மேசையில் அதிபர் பார்க்கைச் சுட்டுக் கொன்றார். பிரதமர் என்ற முறையில் சோய் பொறுப்பு அதிபர். டிசம்பர் 6இல் அதிபராகத் தேர்வு. தேர்ந்தெடுத்தது பார்க் உருவாக்கிய ஒருங்கிணைப்புக்கான தேசிய மாநாடு என்ற அமைப்பு, ஒரே வேட்பாளர். உடனே, பார்க் ஆட்சியை விமர்சிப்பதைத் தடுத்த அவசர ஆணை ஒன்பதை நீக்கி, கைதிகளை விடத் தொடங்கினார். புதிய அரசமைப்பு, அதன்படி தேர்தல் என்று வாக்குக் கொடுத்தார்.

ஆறு நாள்தான். டிசம்பர் 12 இரவு இராணுவ ஜெனரல் சுன் டூ-ஹ்வானின் ஆட்கள் தரைப்படைத் தலைவரை அதிபர் அனுமதியில்லாமலே பிடித்துப்போனார்கள்; அனுமதித் தாளில் கையெழுத்துப் போடும்படி சோயை நெருக்கினார்கள். பாதுகாப்பு அமைச்சர் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சோய் இரவு முழுக்க இழுத்தார். விடியற்காலை பாதுகாப்பு அமைச்சரையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். போட்டார். ஆனால் கையெழுத்தோடு தேதியையும் நேரத்தையும் எழுதினார்: 13ஆம் தேதி, காலை 5.10. கைது நடந்தது முந்தின நாள் மாலை. உத்தரவு பின்னால் வந்தது என்பதற்கு அந்தத் தாளே சாட்சி. தோட்டத்தில் பிந்தி வந்தவனுக்கு செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) கிராணி நேரம் குறிக்கிற மாதிரி. துப்பாக்கி இல்லாத ஒரு பழைய அதிகாரிக்கு அன்று கையில் இருந்தது பேனாதான்.

அதற்கு மேல் முடியவில்லை. 1980 மே 17இல் இராணுவச் சட்டம் நாடு முழுக்க, மறுநாள் குவாங்ஜு நகரில் எழுச்சி; இராணுவம் அதை இரத்தத்தில் அடக்கியது. ஆகஸ்ட் 16இல் விலகினார். ஏன் என்று கேட்டால்: கட்சி இல்லை, தொகுதி இல்லை, படையில் ஆள் இல்லை. அதிபர் ஒருவரின் நம்பிக்கையில் ஏறியவர். அந்த அதிபர் செத்ததும் பிடிக்கக் கொம்பில்லை. டீச்சர் சொன்ன தொகுதி விஷயம் இங்கேதான் பொருந்துகிறது. கசாலி ஏன் செனட்டர் பதவியோடு நிற்காமல் லிப்பிஸ் போனார் என்பதற்கும் இதுவே விளக்கம்.

அவரைக் கோழை என்பவர்கள் கொரியாவில் உண்டு. 1996இல் சுன் மீதான வழக்கில் நீதிமன்றம் வரை வந்தும், முன்னாள் அதிபர் ஆட்சிக்கால முடிவுகளுக்குச் சாட்சி சொல்வது தவறான முன்மாதிரி என்று வாய் திறக்கவில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை; குவாங்ஜுவில் பிள்ளைகளை இழந்தவர்களுக்கு அவர் பேசியிருக்க வேண்டும். இன்னொரு பக்கம், சுரங்கத் தொழிலாளிகளிடம் நிலக்கரிக் கட்டிதான் எரிப்பேன் என்று சொன்னவர், வீட்டில் கடைசி வரை அதையே எரித்தார். சோலில் சோக்யோ-டாங்கில் உள்ள அந்த வீடு இப்போது பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. 2006 அக்டோபர் 22இல் இறந்தார்.

---

கிந்தா_நதி எழுதியது:

அப்படியானால் பான் கேள்வி நேரத்துக்கு மட்டும். 2006 அக்டோபர் 13இல்தான் பொதுச் சபை அவரை நியமித்தது. சோய் இறந்தது அதற்கு ஒன்பது நாள் கழித்து. யாராவது இருவரையும் குழப்பினால் இது கைகொடுக்கும்.

பேசும்போது சோய், பான், பார்க் என்று முன்னால் வருவது குடும்பப் பெயர். 'திரு. கியூ-ஹா' என்று சொல்லிவிடாதீர்கள், 'திரு. சோய்' என்றே சொல்லுங்கள். எழுத்தில் 700 சொல்லுக்கு மேல் போனால் எட்டு நிமிடத்தில் முடியாது. பாதி நேரத்தை 1964-67க்கும் டிசம்பர் 12 இரவுக்கும் கொடுங்கள்; தோக்கியோ படிப்பு, 1959 எல்லாம் ஒரே மூச்சில் தாண்டலாம். கசாலிக்கு ஒன்றரை நிமிடம் போதும். 43ஆவது பிரிவைப் பேச்சில் சொல்ல வேண்டாம், கேள்வி வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 26, 44, மூன்று ஆண்டு, இரண்டு தவணை என்று மட்டும் உள்ளங்கைச் சீட்டில் இருக்கட்டும்.